துறைமுகம் வந்தா மட்டும் திக்குது

ஷியாங்யின்: இப்ப பாருங்க, இப்ப பாருங்க… திரையில இவ தெருவுல நல்லாத்தானே நடக்குறா? மீன் வண்டி உருளுது, மழை பெய்யுது, பூனை குறுக்க ஓடுது… இதோ, பாலம் தாண்டினா துறைமுகம்… பார்த்தீங்களா!

லாய்: ம்… திக்குது.

ஷியாங்யின்: திக்குதா? ஒரு காலைத் தூக்கி வெச்சுட்டு அடுத்த காலைத் தூக்குறதுக்குள்ள நான் ஒரு டீ குடிச்சு முடிச்சிடுவேன், லாய் அண்ணா!

லாய்: சரிம்மா, கத்தாதே. உள்ள அம்மா தூங்குறாங்க.

அம்மா: தூங்கலை! யாருடா வந்திருக்கிறது?

லாய்: கீழ் வீட்டுப் பொண்ணும்மா. பல் ஆஸ்பத்திரியில வரவேற்புல உட்காருமே, அது. கம்ப்யூட்டர்ல ஏதோ விளையாட்டு மெதுவா ஓடுதாம்.

அம்மா: பொண்ணா? உட்காரச் சொல்லு! கொய்யா நறுக்கிட்டு வர்றேன்!

லாய்: வேணாம்மா, இப்பவே போயிடும்…

ஷியாங்யின்: போகமாட்டேன் ஆன்ட்டி! பிளம் பொடி நிறையத் தூவுங்க!

லாய்: …சரி. இது லினக்ஸ்தானே? விளையாட்டு விண்டோஸுக்குன்னு செஞ்சது.

ஷியாங்யின்: அதுக்குத்தான் நடுவுல ஒரு துபாஷி உட்கார்ந்திருக்கே. விளையாட்டு விண்டோஸ் பாஷையில ஒண்ணு கேட்கும், அது லினக்ஸ் பாஷையில மாத்திச் சொல்லி வாங்கிக் கொடுக்கும்… அப்படின்னு யாரோ சொன்னாங்க. எனக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாது.

லாய்: சொன்னவங்க சரியாத்தான் சொல்லியிருக்காங்க. துபாஷி பழசா இருந்தா இப்படித் திக்கும். புதுசு போட்டுப் பார்ப்போம்.

ஷியாங்யின்: பார்த்தாச்சு.

லாய்: அப்போ ஒரு படி பழசுக்குப் போய்ப் பார்ப்போம்.

ஷியாங்யின்: அதையும் பார்த்தாச்சு. நான் இல்ல… எங்க அக்கா வீட்டுக்காரர் பார்த்தார்.

லாய்: சார்ஜர் செருகியிருக்கா? பேட்டரியில ஓடினா மிச்சம் பிடிக்கிறேன்னு மெஷினே கையைக் கட்டிக்கும்.

ஷியாங்யின்: உங்க கால்கிட்டதான் இருக்கு. மிதிச்சுடாதீங்க.

லாய்: காத்தாடியில தூசி? பூனை முடி அடைச்சிருக்கும்.

ஷியாங்யின்: எங்கிட்ட பூனை ஏது? இப்ப பார்த்தது விளையாட்டுல வர்ற பூனை.

லாய்: ஓ… ஆமா. சரி, படத்தை வரையிறது எது? கிராபிக்ஸ் கார்டா, இல்ல அதைத் தூங்க விட்டுட்டு பிராசஸரே உட்கார்ந்து வரையுதா?

ஷியாங்யின்: கார்டுதான். ஆனா துறைமுகம் வந்ததும் கார்டு சும்மாதான் இருக்கு அண்ணா. பிராசஸர்ல ஒரே ஒரு பக்கம் மட்டும் எதுக்கோ அலையாய் அலையுது. அப்போ வரையிறதுல கோளாறு இல்ல, வேற எதுக்கோ காத்துக்கிட்டு…

லாய்: இதையும் அக்கா வீட்டுக்காரர்தான் சொன்னாரா?

ஷியாங்யின்: ஆமா.

லாய்: அவருக்கு என்ன வேலை?

ஷியாங்யின்: பஸ் ஓட்டுறார்.

லாய்: …பஸ்ஸா.

ஷியாங்யின்: தைப்பே போற பஸ். நடுவுல நிறைய நேரம் கிடைக்கும்போல.

லாய்: சரி, இன்னொண்ணு. முதல் தடவை ஒரு இடத்துக்குப் போகும்போது துபாஷி அங்க இருக்கிற வெளிச்சம், நிழல் எல்லாத்தையும் மொழிபெயர்த்துச் சேர்த்து வெச்சுக்கும். அப்போ திக்கும். அடுத்த தடவை திக்காது.

ஷியாங்யின்: நான் துறைமுகத்துக்கு ரெண்டு மாசமா போய்ட்டு வர்றேன். அங்க வேலை பார்க்கிறவங்ககூட என் அளவுக்குப் போயிருக்க மாட்டாங்க.

லாய்: ரெண்டு மாசமாவா? அவ்வளவு… பிடிச்சிருக்கா?

ஷியாங்யின்: பிடிக்குது, பிடிக்கலைன்னு இல்ல. மழை நல்லாருக்கு. நம்ம கீலுங் ஊரு மழை மாதிரியே, நிக்கவே நிக்காது. ஆனா வசனம் எழுதினவனை மட்டும் பிடிச்சுக் கடல்ல தள்ளணும்.

லாய்: ஏன்? வசனத்துக்கு என்ன?

ஷியாங்யின்: அந்தக் கானாங்கெளுத்தி விக்கிறவன், வாங்க வந்தவகிட்ட 'உன் கண்கள் இரண்டும் அலைகள்'ங்கிறான். மீன்காரன் எவனாவது அப்படிப் பேசுவானா? 'நேரத்தோட எடு, ஐஸ் உருகுது'ம்பான்.

லாய்: அது… கவித்துவமா இருக்கட்டும்னு…

ஷியாங்யின்: அப்புறம் துறைமுகத்துல ஏலம் விடுற அத்தை! வாய் அசையுது, கை வீசுறா, சத்தமே வரலை. ஊமை எப்படி ஏலம் விடும்?

லாய்: அதெல்லாம் ஒரு… பாணி.

அம்மா: இந்தாம்மா, கொய்யா. அட, இது நம்ம சுன்மாவ் செஞ்ச விளையாட்டாச்சே! அந்தப் பூனை எங்க வீட்டுப் பூனைதான், செத்துப் போச்சு. வருஷக்கணக்கா உட்கார்ந்து இதைத்தான் பண்ணினான்.

லாய்: அம்மா…

ஷியாங்யின்: ஐயோ! அண்ணா, நீங்களா? எனக்குத் தெரியவே தெரியாதே! அடேங்கப்பா! ஆச்சரியமா இருக்கே!

லாய்: நடிப்பு மாதிரி இருக்கு.

ஷியாங்யின்: அதிர்ச்சியில அப்படித்தான் இருப்பேன்.

அம்மா: யாருமே வாங்கலைம்மா. வாங்கின நாலு பேரும் திருப்பிக் கொடுக்கிறாங்களாம். அடுத்த வாரம் எங்க தம்பியோட மீன் உருண்டைக் கடைக்கு வேலைக்குப் போறான். அங்கயாவது செஞ்சதை ஜனங்க திங்கும்.

லாய்: நீங்க உள்ள போங்கம்மா.

அம்மா: போறேன், போறேன். நீ சாப்பிடும்மா. கல்யாணம் ஆயிடுச்சா?

லாய்: அம்மா!

ஷியாங்யின்: இன்னும் இல்ல ஆன்ட்டி. கொய்யா அருமை.

லாய்: …இரு. இந்த மூலையில என்ன எண் போட்டிருக்கு? முதல் பதிப்பா இது? நான் மூணு தடவை திருத்தி வெளியிட்டேனே. காசு கொடுத்து வாங்கினவங்களுக்கு அது தானா மாறியிருக்குமே.

ஷியாங்யின்: அப்படியா? எங்க வீட்டு இணையம் கொஞ்சம் மெதுவு…

லாய்: ஷியாங்யின். இதை எங்க வாங்கினே?

ஷியாங்யின்: வாங்கினேனா… அக்கா வீட்டுக்காரர்…

லாய்: திருட்டுப் பிரதி. முதல் பதிப்பைத்தான் எவனோ பூட்டை உடைச்சு ஊரெல்லாம் இறைச்சான்.

ஷியாங்யின்: மன்னிச்சுக்குங்க அண்ணா. நிஜமாவே வெட்கமா இருக்கு.

லாய்: அப்போ கோளாறு என்னன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. இனிமே தேட வேண்டியதே இல்ல.

ஷியாங்யின்: என்னது? சொல்லுங்க, சொல்லுங்க!

லாய்: அது பொறி. திருடி விளையாடுறவனுக்குன்னு நானே வெச்சது. தெருவெல்லாம் ஒழுங்கா ஓடும். ஆசை வந்து துறைமுகம் வரைக்கும் போனதும் காலைப் பிடிச்சு இழுக்கும். 'காசு கொடுத்து வாங்கு'ன்னு அர்த்தம்.

ஷியாங்யின்: நினைச்சேன்! அப்பவே நினைச்சேன்! எந்த ஃபைல்ல வெச்சீங்க?

லாய்: என்ன?

ஷியாங்யின்: இல்ல… ஒரு ஆர்வம். தொடக்கத்துலயே வெச்சீங்களா, இல்ல துறைமுகம் திறக்கும்போதா? பூட்டு இருக்கான்னு அது எத்தனை இடத்துல பார்க்குது?

லாய்: அதெல்லாம் தொழில் ரகசியம். பல் ஆஸ்பத்திரிக்காரிக்கு எதுக்கு?

ஷியாங்யின்: சரி, ரகசியம்னா ரகசியம். நான் செஞ்சது தப்பு, நானே சரி பண்றேன். இதோ, போன்ல காசு கட்டுறேன்… கட்டியாச்சு. இப்ப இது நல்ல பிரதி. இறங்கட்டும்.

லாய்: ஐயோ, இப்பவே எதுக்கு? மெதுவா வீட்டுக்குப் போய்…

ஷியாங்யின்: சின்ன விளையாட்டுதானே, இறங்கிட்டே இருக்கு. ஏன் அண்ணா, முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு?

லாய்: ஒண்ணுமில்ல. மழை வலுக்குது, உன் துணியெல்லாம் வெளியில காயுதோ என்னவோ…

ஷியாங்யின்: கீலுங்ல யாரு வெளியில துணி காயப்போடுவா? இதோ, வந்துடுச்சு. தெரு… வண்டி… பூனை… செத்துப் போன பூனை, பாவம்… பாலம்… துறைமுகம்…

லாய்: கொய்யா எடுத்துக்கோயேன்.

ஷியாங்யின்: அண்ணா, திக்குது.

லாய்: ம்.

ஷியாங்யின்: காசு கொடுத்து வாங்கினதும் அதே மாதிரி திக்குது! அப்போ என் மேல தப்பே இல்ல!

லாய்: உன் மேலயா?

ஷியாங்யின்: என் கம்ப்யூட்டர் மேல. வாய் குளறிடுச்சு. நீங்க பேச்சை மாத்தாதீங்க, பொறி எங்க?

லாய்: பொறியும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. கெத்தா இருக்கட்டுமேன்னு சொல்லிட்டேன்.

ஷியாங்யின்: அண்ணா!

லாய்: விண்டோஸ்ல பறக்குதும்மா. லினக்ஸ்ல துபாஷி வெச்சு ஓட்டுறவங்களுக்கு மட்டும் துறைமுகத்துல கால் மாட்டிக்குது. இதை வாங்குறவங்கள்ல பாதிப்பேர் அவங்கதான். கையில வெச்சு விளையாடுற அந்தச் சின்ன மெஷின் நிறைய லினக்ஸ்தானே. எல்லாரும் திட்டிட்டுத் திருப்பிக் கொடுக்கிறாங்க. நானும் ரெண்டு மாசமா தேடுறேன். கடல்தான் கனம்னு நினைச்சு அலையைக் குறைச்சேன். படகைக் குறைச்சேன். கடைசியில மழையையே பாதியாக்கிட்டேன்.

ஷியாங்யின்: கீலுங்காரரா இருந்துக்கிட்டு மழையைக் குறைச்சீங்களா?

லாய்: மனசு கேட்கலைதான். அப்பவும் திக்குது. இன்னைக்குச் சாயங்காலம் இணையக் கடையில இருந்தே எடுத்துடலாம்னு இருந்தேன். அதுக்குள்ள நீ கதவைத் தட்டினே.

ஷியாங்யின்: எடுக்கிறதாவது! தள்ளுங்க. அந்த நாற்காலியை இப்படி விடுங்க.

லாய்: என்ன பண்றே?

ஷியாங்யின்: வரையிறதுல கோளாறு இல்லைன்னு முதல்லயே சொன்னேன்ல? அப்புறம் எதுக்குக் கடலையும் மழையையும் போட்டு வதைச்சீங்க? துபாஷியை வாய்விட்டுப் பேசச் சொல்லலாம். விளையாட்டு எதை எதைக் கேட்குது, அது என்ன பதில் சொல்லுதுன்னு ஒவ்வொண்ணா எழுதிக் காட்டும். இந்த வரியைச் சேர்த்து ஓட்டினா போதும்…

லாய்: எவ்வளவு வேகமா அடிக்கிறே! பஸ் ஓட்டுறவரா இதெல்லாம்…

ஷியாங்யின்: பேசாதீங்க. தெரு, சுத்தம். பாலம், சுத்தம். துறைமுகம்… ஆத்தாடி! கொட்டுது பாருங்க! ஒரே வரி, ஒரே வரி, ஒரே வரி! 'ஏல அத்தை குரல்'னு ஒரு ஃபைல். அதையே விடாம கேட்டுக்கிட்டிருக்கு.

லாய்: …என்ன ஃபைல்?

ஷியாங்யின்: அத்தை குரல். சத்தமெல்லாம் போட்டு வெச்ச அந்தப் பெட்டியில தேடுது, 'இல்லை'ங்குது. மறுபடி கேட்குது, மறுபடி 'இல்லை'. கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள எத்தனை தடவை பாருங்க!

லாய்: இல்லைன்னா இல்லைன்னு போக வேண்டியதுதானே? விண்டோஸ்ல ஒண்ணும் ஆகலையே?

ஷியாங்யின்: விண்டோஸுக்குப் பேர்ல பெரிய எழுத்து, சின்ன எழுத்து எல்லாம் ஒண்ணுதான். பார்த்த உடனே இல்லைன்னுடும். லினக்ஸுக்கு ரெண்டும் வேற வேற. அதனால துபாஷி என்ன பண்ணும்? ஒருவேளை வேற எழுத்துல எழுதி இருக்குமோன்னு பெட்டியில இருக்கிற ஒவ்வொரு பேரையும் எடுத்துப் படிச்சுட்டு அப்புறம்தான் இல்லைன்னு சொல்லும். நீங்க அலை, மழை, பூனை, எண்ணெய் கொதிக்கிறதுன்னு ஆயிரக்கணக்குல சத்தத்தை ஒரே பெட்டியில திணிச்சு வெச்சிருக்கீங்க. ஒரு தடவை தேடி முடிச்சு நிமிர்றதுக்குள்ள விளையாட்டு மறுபடியும் 'அத்தை குரல் எங்க?'ங்குது. பாவம், அது என்ன பண்ணும்! எங்க போச்சு அந்தக் குரல்?

லாய்: அழிச்சுட்டேன்.

ஷியாங்யின்: ஏன்?

லாய்: அது ஃபாங்யூவோட குரல். நாங்க ரெண்டு பேரும் சேர்ந்துதான் இதை ஆரம்பிச்சோம். அவ நடுவுலயே கிளம்பிட்டா… விளையாட்டை விட்டும், என்னை விட்டும். போகும்போது 'என் குரலை எடுத்துடு'ன்னா. நானும் ரோஷத்துல ஒரே மூச்சுல எடுத்துட்டேன்.

ஷியாங்யின்: ஃபைலை எடுத்தீங்க. கேட்கிறதை நிறுத்தலை.

லாய்: அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கவே மனசு வரலைம்மா. அதுக்கப்புறம் நான் அந்த இடத்தைத் தொட்டதே இல்ல.

ஷியாங்யின்: அதான் கடலைப் போட்டு நோண்டினீங்களா…

லாய்: சிரிக்காதே.

ஷியாங்யின்: சிரிக்கலை. சத்தியமா. சரி, இப்ப என்ன பண்ணலாம்? கேட்கிற வரியை எடுத்துடலாம். இல்ல, அதே பேர்ல வேற குரலை வைக்கலாம். கேட்டதும் கிடைச்சுட்டா அது தேடி அலையாது. அத்தைக்கும் வாய் வந்துடும்.

லாய்: வேற குரலுக்கு எங்க போறது?

அம்மா: சுன்மாவ்! அந்தப் பொண்ணை சூப் குடிச்சுட்டுப் போகச் சொல்லு! ஆறிப் போகுது!

ஷியாங்யின்: அண்ணா…

லாய்: வேணாம்.

ஷியாங்யின்: சுவரே அதிருது அண்ணா! இவங்களைவிட நல்லா ஏலம் விடுறவ எங்க கிடைப்பா? ஆன்ட்டி, இங்க வாங்க! இந்தப் போன்கிட்ட வந்து மீன் ஏலம் விடுங்க பார்ப்போம்!

அம்மா: ஏலமா? நான் கல்யாணத்துக்கு முன்னாடி சந்தையில எங்கப்பாவுக்கு எடுபிடியா நின்னவடி. தள்ளு. கானாங்கெளுத்தி! கானாங்கெளுத்தி! நேத்து ராத்திரி கடல்ல இருந்தது, இன்னிக்கு உன் சட்டியில! கை தூக்கு, கை தூக்கு! பல்லைக் காட்டிக்கிட்டு நிக்காதே, ஐஸ் உருகுது!

ஷியாங்யின்: பார்த்தீங்களா? இதுதான் வசனம்.

லாய்: …சரி, ஒத்துக்கிறேன்.

ஷியாங்யின்: பதிஞ்சாச்சு. அதே பேரு, அதே எழுத்து, அதே பெட்டி. ஓட்டுங்க. நீங்களே ஓட்டுங்க.

லாய்: நீதானே கண்டுபிடிச்சே, நீயே ஓட்டு.

ஷியாங்யின்: தெரு… பூனை… பாலம்…

லாய்: …ஓடுறா.

ஷியாங்யின்: ஓடுறா!

லாய்: அலையெல்லாம் நிஜமா அலை மாதிரி வருது! அந்தப் படகைப் பாரு! மழையைப் பழையபடி கூட்டிடலாம்மா, முழுசா கூட்டிடலாம்!

அம்மா: அதுவா என் குரல்? ஏன் இப்படித் தகர டப்பா மாதிரி இருக்கு? இன்னொரு தடவை எடுங்க, தொண்டையைச் செருமிக்கிறேன்.

லாய்: நல்லாத்தான் இருக்கும்மா. ரொம்ப நல்லா இருக்கு. மாமாகிட்ட நான் வரலைன்னு சொல்லிடுங்க.

அம்மா: நீயே சொல்லிக்கோ. நான் சூப்பைச் சூடு பண்றேன்.

லாய்: ஷியாங்யின்.

ஷியாங்யின்: ம்?

லாய்: உங்க அக்கா வீட்டுக்காரர் எந்தப் பஸ் ஓட்டுறார்?

ஷியாங்யின்: எனக்கு அக்காவே கிடையாது.

லாய்: பல் ஆஸ்பத்திரி?

ஷியாங்யின்: அது நிஜம். பகல்ல 'வாயைத் திறங்க'ன்னு சொல்ற வேலை. வீட்டுக்கு வந்தா… வேற எதையாவது திறந்து பார்ப்பேன். பூட்டின விளையாட்டு, அந்த மாதிரி.

லாய்: …நீயா?

ஷியாங்யின்: கோவிச்சுக்காதீங்க. உங்க பூட்டு ரொம்பச் சின்னது, திறந்தது எனக்கே தெரியலை. அப்புறம் உங்க பார்சல் ஒண்ணு தவறிப்போய் எங்க வீட்டுக்கு வந்துச்சு. அது மேல லாய் சுன்மாவ்னு பேரு. விளையாட்டு முடிஞ்சதும் ஓடுற பேரும் அதே. செஞ்சவர் மாடியிலயே இருக்கார்னு அப்பத்தான் தெரிஞ்சுது.

லாய்: உடைச்சவ பேசாம இருந்திருக்கலாமே. எதுக்கு மாடியேறி வந்தே?

ஷியாங்யின்: மானம் போகுதே அண்ணா! நான் உடைச்ச எதுவும் திக்கினதே இல்ல. நான் உடைச்சதைப் போடுற இணையதளத்துல எல்லாரும் எடுத்துக்கிட்டு நன்றி சொல்லிட்டுப் போவாங்க. ஒருத்தன் மட்டும், 'வாடிப்போன வஞ்சிரம்'னு பேரு வெச்சுக்கிட்டு, தினமும் எழுந்ததும் முதல் வேலையா என்னைத்தான் திட்டுவான். 'உடைக்கத் தெரியாதவன் எதுக்குடா உடைக்கிறே? துறைமுகத்துல திக்குதே, வெட்கமா இல்ல? மூளை இருந்தா கண்டுபிடி பார்ப்போம்'னு… எனக்குச் சோறே இறங்கலை. நீங்க ஏதோ பொறி வெச்சிருக்கீங்க, உங்க வாயாலயே அதைப் பிடுங்கிக்கிட்டுப் போய் அவன் மூஞ்சியில அடிக்கணும்னுதான் வந்தேன். அந்த வஞ்சிரம் மட்டும் என் கையில கிடைச்சான்… என்ன அண்ணா, ஏன் அந்தப் பக்கம் திரும்பிக்கிறீங்க? சிரிக்கிறீங்களா?

லாய்: எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியலைம்மா. பூட்டை உடைச்சவன் கெட்டிக்காரன்னு மட்டும் புரிஞ்சுது. கெஞ்சினா வரமாட்டான், திட்டினா ரோஷத்துல கண்டுபிடிச்சிடுவான்னு நினைச்சேன்… அந்த வஞ்சிரம் நான்தான்.